கப்பலுக்குப் புது எரிபொருள்! தொழிலாளிக்கு என்ன?

2025 செப்டம்பர் 5-ம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு விழா நடந்தது. கப்பலோட்டிய தமிழன் வ. உ. சிதம்பரனாரின் பிறந்த நாள் அது. மத்திய மந்திரி வந்தார். தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் சிறு நிலையம் ஒன்றைத் திறந்து வைத்தார். செலவு ரூ. 3.87 கோடி. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகள் அந்த ஹைட்ரஜன் தரும் சக்தியால் எரியும் என்றார்கள். கப்பல்களுக்கு மெத்தனால் நிரப்ப 750 கன மீட்டர் கொள்ளும் சேமிப்பு நிலையம் ஒன்றுக்கும் அன்றே அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ரூ. 35.34 கோடி. குஜராத்தின் கண்ட்லாவிலிருந்து தூத்துக்குடி வரை “பசுமைக் கப்பல் பாதை” வரப்போகிறதாம்.

நல்ல காரியந்தான். ஆனால் அந்த மெத்தனாலைக் குழாயில் ஏற்றப்போகிறவன் யார்? வால்வைத் திருகப்போகிறவன் யார்? கசிந்தால் முதலில் சுவாசிக்கப்போகிறவன் யார்? அவனுடைய கூலி என்ன, அவனுக்குப் பயிற்சி என்ன, பாதுகாப்பு என்ன? நாம் கேட்க விரும்புவது இதைத்தான்.

“கப்பல் சமாச்சாரம் நமக்கெதற்கு?” என்று ஆலைத் தோழரும் வயற்காட்டுத் தோழரும் நினைக்கலாம். ஆலையில் நூற்கிற பஞ்சில் ஒரு பகுதி கப்பலில் வருகிறது. நூலும் பனியனும் கப்பலில் போகின்றன. வயலில் தூவுகிற யூரியாவும், ரேஷன் கடைப் பாமாயிலும், துவரம் பருப்பும் கப்பலில் வருகின்றன. உலக வாணிபச் சரக்கில், அளவில் பார்த்தால், நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடல் வழியே நடக்கிறது. கப்பலின் அடுப்பில் எது எரிகிறது என்பது கடைசியில் நம் அடுப்பு வரை வந்து சேரும்.

ஏன் இந்த மாற்றம்?

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது தார் போன்ற கசடு. சூடாக்கினால்தான் அது ஓடும். பல்லாண்டுகளாகப் பெரிய கப்பல்கள் எரித்து வந்தது இந்தக் கசடைத்தான். ஏன்? மலிவு என்பதால்! பெரிய கண்டெய்னர் கப்பல் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரே நாளில் நூறு டன்னுக்கு மேல் எரிபொருளை விழுங்கும். அந்தப் புகையில் கந்தகம் இருந்தது, கரித்தூள் இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழை ஜனங்களின் நுரையீரலில் அது போய்ப் படிந்தது. எரிபொருளில் கந்தகம் 3.5 சதம் வரை இருக்கலாம் என்பது பழைய விதி. 2020 ஜனவரி முதல் அது 0.5 சதமாகக் குறைக்கப்பட்டது.

கந்தகம் குறைந்தது. ஆனால் கரியமில வாயு குறையவில்லை. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் சுமார் 3 சதம் கப்பல்களிலிருந்து வருகிறது. பூமி சூடானால் யாருக்கு நஷ்டம்? பருவம் தவறிய மழையில் வேலை நாள் இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கு. புயலில் படகு இழக்கும் மீனவனுக்கு. தகரக் கூரையின் கீழ் வேகிற ஆலைத் தொழிலாளிக்கு. குளிரூட்டிய அறையில் இருப்பவனுக்கு அல்ல!

ஆகையால் எரிபொருள் மாற வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. லண்டனில் உள்ள சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 2023 ஜூலையில் ஒரு இலக்கு வகுத்தது. 2050-ஐ ஒட்டிக் கப்பல்கள் வெளியிடும் இந்த வாயுக்களை நிகரமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த இலக்கு. இதை நாம் எதிர்க்கவில்லை. யந்திரத்தை உடைப்பது நமது மார்க்கமல்ல. யந்திரம் யாருக்காக ஓடுகிறது என்று கேட்பதுதான் நமது மார்க்கம்.

முன்பும் ஒரு முறை மாறியது!

கப்பலின் எரிபொருள் மாறுவது இது முதல் தடவை அல்ல. பாய் போய் நீராவி வந்தது. பிறகு நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. அந்த இரண்டாவது மாற்றத்தின் கதையைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலக்கரிக் கப்பலின் அடிவயிற்றில் கொதிகலன்கள் இருக்கும். அவற்றுக்கு இரவும் பகலும் கரி அள்ளிப் போட வேண்டும். நெருப்புக்கு முன் அரை நிர்வாணமாக நின்று அந்த வேலையைச் செய்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நம் நாட்டார். லஸ்கர்கள் என்று அவர்களை அழைத்தார்கள். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்குச் சம்பளம்.

1912-ல் டென்மார்க் நாட்டில் கட்டப்பட்ட ‘செலாண்டியா’ என்ற பெரிய கப்பல் டீசல் எஞ்சினில் சமுத்திரம் கடந்தது. நீராவிக் கப்பல்களிலும் கரிக்குப் பதில் எண்ணெய் வந்தது. எண்ணெய் குழாய் வழியே தானே ஓடும். அள்ளிப் போட ஆள் வேண்டாம். நெருப்பிலிருந்து மனிதன் விடுதலை பெற்றான் என்று சந்தோஷப்படலாம் அல்லவா? படலாம். ஆனால் நெருப்பிலிருந்து விடுதலை பெற்றவன் வேலையிலிருந்தும் விடுதலை பெற்றான்! கரி அள்ளியவனுக்கு மாற்று வேலை யாரும் தரவில்லை. மிச்சமான கூலியெல்லாம் கம்பெனியின் லாபக் கணக்கில் ஏறியது.

இன்னொன்றும் நடந்தது. தன் போர்க் கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டுமென்று 1914-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்கியது. பாரசீகத்தின் மண்ணுக்கடியில் இருந்த செல்வம் லண்டனின் சொத்தாயிற்று. 1951-ல் ஈரான் மக்கள் அந்த எண்ணெயைத் தேசவுடைமை ஆக்கினார்கள். 1953-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் சதி செய்து மொசாதேயின் சர்க்காரைக் கவிழ்த்தன. கப்பலின் அடுப்பு மாறியபோது ஒரு தேசத்தின் தலைவிதியே மாறியது!

இந்தச் சரித்திரம் ஆலைத் தோழர்களுக்குப் புரியாததல்ல. ஆட்டோகோனர் வந்தபோது வைண்டிங் பகுதியிலிருந்து எத்தனை கைகள் வெளியே போயின? அறுவடை மெஷின் வயலில் இறங்கியபோது எத்தனை அரிவாள்கள் கூரையில் செருகப்பட்டன? விஞ்ஞானத்தின் குற்றமா இது? இல்லை. விஞ்ஞானத்தின் பலனை ஒருவனே அள்ளிக்கொள்ளும் ஏற்பாட்டின் குற்றம்.

மெத்தனால் என்றால் என்ன? அமோனியா என்றால் என்ன?

புது எரிபொருள்கள் பல. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இன்று பெரிய பேச்சு.

ஒன்று மெத்தனால். 2015-ல் ‘ஸ்டெனா ஜெர்மானிகா’ என்ற பயணிக் கப்பல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. 2023-ல் ‘லாரா மெர்ஸ்க்’ என்ற கண்டெய்னர் கப்பல் மெத்தனாலில் ஓடக் கிளம்பியது. இந்த மெத்தனாலை நம் ஜனங்கள் வேறொரு விதத்தில் அறிவார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்ட ஏழைகளின் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். கண்ணைக் குருடாக்கும். உயிரைப் பறிக்கும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. முறையாகக் கையாண்டால் ஆபத்தில்லாமல் பயன்படுத்தலாம். அந்த முறையைத் தொழிலாளிக்குக் கற்றுக் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

மற்றொன்று அமோனியா. யூரியா செய்வது இதிலிருந்துதான். அமோனியாவில் கரி கிடையாது. ஆகவே எரித்தால் அதிலிருந்து கரியமில வாயு வராது. அதுதான் அதன் சிறப்பு. ஆனால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 300 பங்கு அமோனியா கலந்தாலே உயிருக்கு ஆபத்து என்கிறது விஞ்ஞானம். ஈரமுள்ள இடமெல்லாம் அது எரிக்கும். கண், தொண்டை, நுரையீரல் எதையும் விடாது.

புத்தகம் படித்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? எண்ணூர் ஜனங்களைக் கேளுங்கள்! 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் அருகே கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். 50-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எந்த அதிகாரியும் முன்கூட்டி வந்து, “இந்த நாற்றம் வந்தால் காற்று வீசும் திசையில் ஓடாதீர்கள், குறுக்கே ஓடுங்கள், ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள்” என்று அந்தக் குப்பத்தில் சொல்லிக் கொடுத்திருந்தால் அவ்வளவு தவிப்பு இருந்திருக்குமா?

ஒரு குழாயில், ஓர் இரவில், நடந்தது இது. நாளை துறைமுகந்தோறும் அமோனியாத் தொட்டிகள் எழும். மீனவக் குப்பங்களின் வாசலிலேயே எழும். அப்போது பாதுகாப்பு என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றின் வாசலில் டீக்கடையில் ஒரு தோழரைச் சந்தித்தோம். பன்னிரண்டு வருஷமாகக் காண்ட்ராக்டரிடம் நிலக்கரி இறக்குகிறார். “புது எரிபொருள் வருகிறதாமே, கேள்விப்பட்டீர்களா?” என்று கேட்டோம். சிரித்தார். “தோழர், கரித்தூசிக்கு மூக்கில் கட்ட ஒரு துணி கேட்டு மூணு வருஷம் ஆச்சு. என் துண்டைத்தான் கட்டிக்கிட்டு இருக்கேன். விஷவாயுவுக்கு அவங்க முகமூடி கொடுப்பாங்கன்னு நம்புறீங்களா?” என்றார். பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

செலவு யார் தலையில்?

சுத்தமான எரிபொருள் விலை அதிகம். மெத்தனாலுக்கும் அமோனியாவுக்கும் எண்ணெயின் பாதி அளவுகூடச் சக்தி இல்லை. அதே தூரம் போக இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். இந்தச் செலவை ஏற்பது யார்?

அதிகமாகக் கரியமில வாயு கக்கும் கப்பல்களின் சொந்தக்காரர்கள் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் ஒரு நிதியில் சேர வேண்டும் என்ற திட்டத்தைச் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 2025 ஏப்ரலில் 63-க்கு 16 என்ற வாக்கில் அங்கீகரித்தது. அக்டோபரில் அதை இறுதியாக நிறைவேற்றக் கூடினார்கள். அமெரிக்க சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? ஆதரித்து வாக்களிக்கும் தேசங்களுக்கு வரி போடுவோம், விசாவை மறுப்போம், கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணம் விதிப்போம் என்று பகிரங்கமாக மிரட்டியது. 57-க்கு 49 என்ற வாக்கில் விஷயம் ஒரு வருஷத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. எண்ணெய் ஏகபோகத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

ஐரோப்பிய யூனியனோ 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களின் வாயுவுக்குக் கட்டணம் வசூலிக்கிறது. கப்பல் கம்பெனிகள் அதைத் தம் பையிலிருந்தா கொடுக்கின்றன? இல்லை. “மாசுக் கூடுதல் கட்டணம்” என்று சரக்கு அனுப்புகிறவன் தலையில் ஏற்றுகின்றன. அனுப்புகிறவன், “வாடகை ஏறிவிட்டது, போட்டியைச் சமாளிக்க முடியவில்லை” என்று நம் பனியன் தொழிலாளியின் பீஸ் ரேட்டில் கை வைக்கிறான். கரி கக்கியது கப்பல். காசு போவது ஐரோப்பாவின் கஜானாவுக்கு. வயிறு காய்வது திருப்பூரில்!

கம்பெனிகளிடம் பணமில்லையா? மெர்ஸ்க் என்ற டேனிஷ் கம்பெனி மட்டும் 2022-ம் ஆண்டில் சுமார் 2,900 கோடி டாலர் நிகர லாபம் சம்பாதித்தது. கொரோனாவுக்குப் பின் கண்டெய்னர் கிடைக்காமல் உலகமே தவித்தபோது வாடகையை ஏற்றிச் சேர்த்த லாபம் அது. சுத்தமான எரிபொருளுக்கு முதலில் திறக்க வேண்டியது இந்தப் பெட்டியை!

நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு?

ஹைட்ரஜன் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்றுவரை உலகில் பெரும்பகுதி ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. அதிலிருந்து மெத்தனாலும் அமோனியாவும் செய்துவிட்டுப் பசுமை என்று பெயர் சூட்டினால் அது மோசடி. உண்மையான பசுமை ஹைட்ரஜன் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். ஒரு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள ஏழைக் குடிசையில் அது ஒரு மாதத்துக்கு வரும்.

அந்த மின்சாரம் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை எடுத்துக்கொண்டது. கரிசல் காட்டை விற்றால் நிலத்துக்காரனுக்குக் கிரயம் கிடைக்கும், குத்தகைக்கு விட்டால் குத்தகைப் பணம் கிடைக்கும். அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு? பருத்தி பறித்தவளுக்கு? ஆடு மேய்த்தவனுக்கு? நஷ்டஈட்டுக் கணக்கில் அவர்கள் பெயரே கிடையாது. தூத்துக்குடிச் சீமையோ குடிதண்ணீருக்கே தவிக்கும் சீமை. தாமிரபரணித் தண்ணீரை ஆலைகளுக்குத் திருப்பாதே என்று விவசாயிகள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். கப்பலுக்கு எரிபொருள் செய்யக் கடல்நீரைச் சுத்திகரித்து எடுங்கள், ஆற்றைத் தொடாதீர்கள் என்று இப்போதே சொல்ல வேண்டியது நமது கடமை.

வேலை யாருக்கு?

மாலுமிகளின் பயிற்சியைப் பற்றி 2022-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் கப்பல் சொந்தக்காரர்களின் சபையும் சேர்ந்து அமைத்த குழுவுக்காகச் செய்த ஆய்வு அது. 2030-களின் நடுவில் 8 லட்சம் மாலுமிகள் வரை புதுப் பயிற்சி பெற வேண்டியிருக்கும் என்று அது சொன்னது. இந்தப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது? மகனைக் கப்பலுக்கு அனுப்ப நகையையும் நிலத்தையும் அடகு வைக்கும் குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் ஏராளம். புது எரிபொருள் என்ற பெயரில் அவர்களிடம் இன்னொரு கட்டணமா?

கரையில் நிலைமை இன்னும் மோசம். துறைமுகத் தொழிலாளி போராடிப் பெற்றது 1948-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி வந்த போர்டுகளில் தொழிலாளியின் பெயர் பதிவாயிற்று. சுழல் முறையில் வேலை கிடைத்தது. வேலை இல்லாத நாளுக்கும் வருகைப் பணம் வந்தது. பிறகு கண்டெய்னர் வந்தது, கிரேன் வந்தது. 1997-ல் அந்தப் போர்டுகளைக் கலைத்துத் துறைமுகங்களோடு சேர்க்கச் சட்டம் வந்தது. நிரந்தர இடங்கள் காலியாகக் காலியாகக் காண்ட்ராக்டர் நுழைந்தான்.

2024 ஆகஸ்டில் பெருந்துறைமுகத் தொழிலாளர் சம்மேளனங்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தன. வேலைநிறுத்தம் தொடங்க ஒரு நாள் இருக்கையில் 8.5 சத உயர்வுக்கு சர்க்கார் இறங்கி வந்தது. ஒற்றுமையின் பலம் அது! ஆனால் காண்ட்ராக்டரின் கீழ் துண்டை மூக்கில் கட்டி நிற்கிற தோழரைப் புது ஒப்பந்தம் எதிலும் விட்டுவிடக் கூடாது. தூத்துக்குடியில் இறங்கும் பெரிய சரக்குகளில் ஒன்று அனல் மின் நிலக்கரி. நாளை நிலக்கரி குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் அவர்தான்.

மாற்று வழி இல்லையா? உண்டு. 1960-ல் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், யந்திரத்தை ஏற்க ஒரு விலை கேட்டது. பதிவு பெற்ற எவருக்கும் வேலைநீக்கம் இல்லை, வருமானத்துக்கு உத்தரவாதம், அதற்கு முதலாளிகள் வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் நிதி கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. பதிவு பெறாத இளந்தொழிலாளிகளுக்கு அதில் நியாயம் கிடைக்கவில்லை என்ற குறை உண்டு. அந்தக் குறையை நாம் பாடமாகக் கொள்வோம். ஆனால் யந்திரம் வந்து இறங்குவதற்கு முன்பே பேரம் பேச வேண்டும் என்ற அதன் புத்தியை மறக்க வேண்டாம்.

நமது கோரிக்கை

கேட்க வேண்டியவை தெளிவானவை. மெத்தனால், அமோனியா நிலையம் எதுவானாலும், அதைக் கையாளும் வேலை நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். விஷத்தின் பக்கத்தில் காண்ட்ராக்ட் முறை கூடாது. பயிற்சி வேலை நேரத்திலேயே, முழுச் சம்பளத்துடன், நிர்வாகத்தின் செலவில், தமிழில் நடக்க வேண்டும். பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு வேண்டும். சுற்றிலுமுள்ள குப்பங்களுக்குச் சங்கும், ஒத்திகையும், வைத்திய வசதியும் முதலில் வந்த பிறகே தொட்டி எழ வேண்டும். நிலக்கரி இறக்கும் தொழிலாளிகளின் பட்டியலை இன்றே எடுத்துப் புது வேலைகளில் அவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். சூரிய மின் நிலையத்துக்குப் போகும் நிலத்தில் உழைத்த கூலித் தொழிலாளிக்கும் நஷ்டஈடு வேண்டும். கப்பல் வாடகையின் பேரால் ஆலைத் தொழிலாளியின் கூலியில் ஒரு காசும் வெட்டக் கூடாது.

இவற்றைக் கேட்டால், “முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை” என்பார்கள். கேட்கட்டும் தூத்துக்குடி! 2018 மே மாதம் ஆலை மாசை எதிர்த்து நியாயம் கேட்ட ஜனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த ஊர் அது. 13 பேர் உயிர் விட்டார்கள். காற்று சுத்தமாக வேண்டும் என்பதற்கு அந்த ஊரைவிட அதிக விலை கொடுத்தவர் யார்? அந்த ஜனங்களுக்குச் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

மந்திரிகள் வ. உ. சி.யின் பெயரைச் சொல்லி விழா எடுக்கிறார்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் என்று புகழ்கிறார்கள். மெய்தான். ஆனால் அவர் கப்பல் மட்டும் ஓட்டவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவரும் அவரே. தொழிலாளிகள் வென்றார்கள். அடுத்த சில நாட்களில் வெள்ளை சர்க்கார் அவரைச் சிறையில் தள்ளியது.

அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் கப்பல்கள் புது எரிபொருளில் ஓடட்டும். அதை வரவேற்போம். ஆனால் கரி அள்ளிய லஸ்கருக்கு நேர்ந்த கதி மெத்தனால் ஏற்றுகிற தோழனுக்கு நேரக் கூடாது. தொட்டிக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. தொட்டி நிரம்புவதற்கு முன் துறைமுகத் தொழிலாளியும், ஆலைத் தொழிலாளியும், விவசாயத் தொழிலாளியும், மீனவரும் ஒரே மேடையில் கூடிப் பேச வேண்டும்.